ஜானவாசக் காரின் சக்கரங்கள்

"மோளே, ஈ சக்கரம் ஒறிஜினல் தன்னே ஆணோ?"

கேட்டவர் குரியச்சன். காஞ்சிரப்பள்ளிப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர். பழைய கார் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடுவார். வாங்கிக்கொண்டுபோய்த் தன் பங்களா முன்னால் வரிசையாக நிறுத்தி, துடைத்து வைத்து அழகு பார்ப்பார். கேள்வி திரிபுரசுந்தரிக்கு. அப்பா வெங்கிடராமன் மிளகுக் கம்பெனியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அம்மா லோகாம்பாள் வந்தவருக்குக் காப்பி கலக்க உள்ளே போயிருந்தாள். சுந்தரி கார்க் கொட்டகையில் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மனிதர் தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டார். ஓடி ஒளிய வழியில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தபடி, அசல் சக்கரம்தான் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

குரியச்சனுக்கு அது போதுமாக இருந்தது. தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் பக்கத்தில் குந்தினார். சைக்கிள் சக்கரம்போலக் கம்பி பின்னிய சக்கரங்கள். ஒரு விரலால் கம்பியைத் தட்டி, சத்தம் கேட்டு, மறுபடி தட்டினார். வெங்கிடராமன் வந்து சேர்ந்ததும் விஷயத்தை நேராகச் சொன்னார். டயர் கிழிந்திருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவருக்கு இந்தக் கார் ஓட வேண்டாம், நின்றால் போதும். ஆனால் இதே கம்பிச் சக்கரத்தோடு, ஒரு ஆணிகூட மாறாமல் நிற்க வேண்டும். மகர மாதம், அதாவது தை மாதம், நடுவில் லாரியோடு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

வெங்கிடராமன் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

"பார்க்கலாம்."

மட்டாஞ்சேரியில் செரளாயிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. கோட்டைக் கொச்சியில் கயிற்றுக் கம்பெனி நடத்திய வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது வெங்கிடராமனிடம் தள்ளிவிட்டுப்போனது. கூரையில்லாத பச்சைக் கார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் மாட்டிவிட்டு, பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து கல்யாணம் நடக்கிற சமூக மடம்வரை நாகஸ்வரத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவார்களே, ஜானவாசம், அதற்கு இந்தக் கார்தான். திருப்பூணித்துறையிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். வெங்கிடராமனே ஓட்டுவார். அவருக்குப் பக்கத்துச் சீட்டில், ரப்பர் குமிழ் வைத்த ஹாரனைப் பிடித்துக்கொண்டு சுந்தரி.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். எழுந்து நின்று பாடத்தை வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அப்படியே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் பிறகு போகவில்லை. கடைக்குப் போக மாட்டாள். கோயிலுக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால்தான். ஆனால் ஜானவாசக் கார் மட்டும் வேறு. தெருவில் இருக்கும் கண்ணெல்லாம் மாப்பிள்ளைமேல் இருக்கும். முன்சீட்டில் இருப்பவளை யார் பார்க்கப்போகிறார்கள்? நடக்கிற வேகத்தில் கார் ஊர்ந்துபோக, கேஸ் லைட் வெளிச்சத்தில், ஜன்னலிலும் மாடியிலும் கடைவாசலிலும் நிற்கிற முகங்களையெல்லாம் அவள் ஆசை தீரப் பார்ப்பாள். வருஷத்தில் சில சாயங்காலங்கள்தான். ஆனால் அந்தச் சில சாயங்காலங்களில்தான் சுந்தரிக்கு ஊர் என்று ஒன்று இருந்தது.

அந்த வருஷம் மகர மாத முதல் வாரத்தில் வைத்தீஸ்வரன் வீட்டுக் கல்யாணம். நாலு வீடு தள்ளி இருக்கிறவர். அவர் பெண் அம்மிணி, சுந்தரியோடு படித்தவள். ஜானவாசத்துக்குக் காரைக் கேட்டு வெற்றிலை பாக்கோடு வந்தார். வெங்கிடராமன் அவரிடமும் பார்க்கலாம் என்றார். கார் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது. டயர்கள் இரண்டு முறை ரீசோல் போட்டு, மூன்றாவது முறைக்குத் தாங்காமல் நூல் தெரியக் கிழிந்துபோயிருந்தன.

"குரியச்சன் கேட்டதே தெய்வ கிருபையாக்கும்," என்றாள் லோகாம்பாள். "கொடுத்துட்டா நம்ம பொண்ணுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிடலாம். அந்த எடத்துல ஒரு பசுவும் கட்டலாம்."

"கல்யாணத்தையும் பசுவையும் ஒரே மூச்சுல சொல்றயே லோகா."

"ரெண்டும் பிரயோஜனம் உள்ளதுன்னா. நிக்கற காரால என்ன பிரயோஜனம்?"

"பார்க்கலாம்."

"என்னைக் கல்யாணம் பண்ணிண்ட நாள் முதலா பாத்துண்டேதான் இருக்கேள்."

ஞாயிற்றுக்கிழமை வெங்கிடராமன் கொச்சங்காடிக்குக் கிளம்பினார். டயர் பார்க்கத்தான். அளவு எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணைக்கு மகளையும் அழைத்துக்கொண்டார். கொச்சங்காடிக் கிடங்குகளுக்கு நடுவில் வீரபாண்டி கடை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பழைய டயர் வாங்கி விற்பார். தேய்ந்ததைப் படகுக்காரர்கள் படகின் விலாவில் கட்டித் தொங்கவிட வாங்கிப்போவார்கள். அதற்கும் ஆகாததை அவர் மனைவி மாடத்தி செருப்புக்கு அறுப்பாள்.

"வாங்க சாமி, வாங்க! பாப்பாவும் வந்துருக்கு. ஏளா, ரெண்டு சாயா சொல்லு."

"ஒமக்கு வாயில்லியா? நான் கத்தியில கை வச்சிருக்கேன்," என்றாள் மாடத்தி, தலை நிமிராமல்.

வெங்கிடராமன் சீட்டைக் காட்டினார். வீரபாண்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த அளவு டயரு வேணும்னா வெள்ளக்காரனத் திரும்பக் கூப்பிடணும் சாமி. இப்ப எவன் செய்யுதான்?"

"அதான் பரண்மேல கெடக்கே, காயிதம் சுத்தி," என்றாள் மாடத்தி. "அந்த வெள்ளக்காரன் கம்பெனி மூடும்போது அள்ளிட்டு வந்தீரே. படகுக்காரன் சின்னதுன்னு வேண்டாம்னுட்டான்."

வீரபாண்டி ஏணி வைத்து ஏறி இறக்கினார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும் வெங்கிடராமனின் முகம் மாறிவிட்டது. அதே அளவு. தரையையே தொடாத டயர்கள். புது டயரில் இருக்குமே மெல்லிய ரப்பர் முடி, அதுகூட உதிராமல் இருந்தது. அவர் ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"சுந்தரி, பாத்தயோ? கம்பிச் சக்கரத்துலேயே ஏறும். எதையும் மாத்த வேண்டாம். கல்யாணமும் நடக்கும், அப்பறம் குரியச்சன் வந்தா வரட்டும்."

சுந்தரி பார்த்தாள். அப்பாவின் சந்தோஷத்துக்குள் ஒரே ஒரு ஜானவாசம்தான் இருந்தது. அதற்குப் பிறகு லாரி.

"காத்தடிச்சுப் பாக்காமக் கொண்டு போவாதீங்க சாமி," என்றாள் மாடத்தி. "பரண்ல தூங்கினாலும் அதுக்கு வயசு ஓடிக்கிட்டுத்தான இருந்துருக்கும்."

"நல்ல சரக்கைக் கெடுக்காத," என்றார் வீரபாண்டி. ஆனாலும் ஒரு பழைய ரிம்மில் மாட்டி, டியூப் போட்டு, கால் பம்பால் மிதிக்க ஆரம்பித்தார். டயர் எழும்பியது. எழும்ப எழும்ப அதன் பக்கவாட்டில் நூல் நூலாகக் கோடுகள் தெரிந்தன. பிறகு கோடுகள் வாய் திறந்தன. இன்னும் இரண்டு மிதி மிதித்திருப்பார். படாரென்று ஒரு சத்தம். கடை முழுக்க வெள்ளைப் பவுடர். டியூபுக்குத் தடவியிருந்த பவுடர் அடங்கியபோது வீரபாண்டியின் மீசை முழுக்க வெளுத்திருந்தது.

மாடத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நொடியில பேரன் பேத்தி எடுத்த வயசாயிட்டு!"

சுந்தரிக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு வழிதான் என்றார் வீரபாண்டி, மீசையைத் துடைத்துக்கொண்டே. டயர் கிடைக்காவிட்டால் சக்கரத்தையே மாற்றுவது. ஒன்று, ஜீப் சக்கரம். ஏலத்தில் எடுத்தது, ரிம்மோடு இருக்கிறது. அதன் நடு ஓட்டை பெரிது. ஒரு தகடு கொடுத்தால் காரின் ஹப்பில், அதாவது சக்கரம் உட்காருகிற குடத்தில், அப்படியே ஏறிவிடும். வேண்டாதபோது கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, அம்பாசிடர் சக்கரம். ரிம் சின்னது, ஆனால் டயர் தடி. தரையிலிருந்து பார்த்தால் மொத்த உயரம் பழைய சக்கரத்தின் உயரம்தான். ஒரே சங்கடம், அதன் நடு ஓட்டையும் சின்னது. ஹப்பை லேத்தில் கொடுத்துக் கடைந்து சின்னதாக்க வேண்டும்.

"கடைஞ்சா?"

"கடைஞ்சா கடைஞ்சதுதான் சாமி. இரும்ப ஒட்டவா வைக்க முடியும்? கம்பிச் சக்கரம் அப்புறம் அதுல நிக்காது. ஆடும்."

வெங்கிடராமன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எந்தப் பக்கமும் கதவைச் சாத்தாத வழி ஒன்று இருக்கும்போது அவர் வேறு எதையும் எடுக்க மாட்டார்.

"ஜீப் சக்கரம் போதும்."

மறுநாள் சாயங்காலம் வீரபாண்டி கைவண்டியில் சக்கரங்களைக் கொண்டுவந்து மாட்டினார். கார் செங்கல்லிலிருந்து இறங்கியது. வெங்கிடராமன் சந்துக் கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். சத்தமில்லை, ஆட்டமில்லை.

"சிங்கம் கணக்கா இருக்கு பாத்தீங்களா?" என்றார் வீரபாண்டி.

லோகாம்பாள் வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சிங்கமா? யானைக்கால் வந்த மாதிரி இருக்கு. இந்த ஊர்த் தண்ணி குடிச்ச காராச்சே, கால் வீங்காம இருக்குமா?"

வெங்கிடராமனே சிரித்துவிட்டார். ஜானவாசம் முடிந்ததும் இந்த வீக்கத்தைக் கழற்றிவிடலாம், கம்பிச் சக்கரத்தோடு காரைக் குரியச்சனிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சுந்தரி மட்டும் கொட்டகையில் நின்றாள். பின்சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்திருந்த மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். பழைய இடைவெளி இல்லை. விரல்கள் மட்டும் போயின. மணிக்கட்டுக்கு வரும்போது வளையல் தட்டியது.

அப்பாவும் வீரபாண்டியும் காலிக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். ஜானவாசக் கார் என்றைக்குக் காலியாகப் போயிருக்கிறது? மாப்பிள்ளை ஏறி உட்காருவதற்குள், இரண்டு வீட்டுக் குழந்தைகளும் பட்டுப் பாவாடையும் ஜரிகை வேட்டியுமாக அவர் மடியிலும் காலடியிலும் சீட்டு முதுகிலும் ஏறிவிடும். பக்கத்து வீடு, எதிர் வீடு, யார் வீடு என்றே தெரியாதது எல்லாம் ஏறும். இறங்கு என்று ஒரு குழந்தையிடம் சொல்லக் கூடாது. அபசகுனம் என்பார்கள். அதைவிட, சம்பந்தி வீட்டுக் குழந்தையாக இருந்துவிட்டால் கல்யாணம் முடிந்தும் பேச்சு முடியாது. காரைத் தாங்குகிற பின்வில் படியப் படிய, மட்கார்டு சக்கரத்துப் பக்கம் தாழ்ந்து, கார் கர்ப்பிணிபோலத்தான் நகரும். அவள் முன்சீட்டிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

சொல்லாமல் விட்டால் அம்மிணியின் ஜானவாசத்தில் நடுத்தெருவில் கார் நின்றுபோகும். சொன்னால் அப்பா ஜீப் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காருக்கு இனி ஓட வழியில்லை என்று குரியச்சனுக்கே கொடுத்துவிடக்கூடும். அந்த ஒரு சாயங்காலமும் போய்விடும். இரண்டு நாள் அவள் இதையே மென்றுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள், அப்பா வேலை முடிந்து வந்து, வீரபாண்டியும் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வந்திருந்த சமயம், சுந்தரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் குமிழை அமுக்கினாள்.

பாம்... பாம்... பாம்.

அந்தச் சத்தம் செரளாயிக் குழந்தைகளுக்குத் தெரியும். சந்திலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு கொங்கணிக்காரர் வீட்டு இரட்டையர்கள். குஜராத்தி வீட்டுப் பெண், தலையில் பாதி பின்னிய ஜடையோடு. பள்ளிவாசல் பக்கத்துப் பையன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார்கள். அவள் வா என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். கார் நிரம்பியது. நிரம்பிய பிறகும் ஏறினார்கள்.

"ஏய், ஏய், என்னது இது?" என்றார் வெங்கிடராமன்.

"அப்பா, ஓட்டுங்கோ," என்றாள் சுந்தரி.

அவர் மகளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அவள் சொல்வது புரிந்ததுபோல மெதுவாக ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கார் வாசலைத் தாண்டவில்லை. பின்னால் கிர்ரென்று ஒரு அரைப்பு. ரப்பர் பொசுங்குகிற நாற்றம். குழந்தைகள் ஹோவென்று கைதட்டினார்கள்.

வீரபாண்டி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மட்கார்டு டயரு மேலயே உக்காந்துருச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்ல சாமி. அன்னைக்குப் புள்ளைகள எறக்கி விட்டுருங்க."

"ஜானவாசத்துல கொழந்தைகளை எறக்கறதாவது! மாப்பிள்ளையை வேணும்னா எறக்கலாம்."

"அப்ப மட்கார்ட ரெண்டு வெரக்கட வெட்டிருவமா?"

வெங்கிடராமன் மட்கார்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். வீரபாண்டி சுத்தியலைப் பைக்குள் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப அம்பாசிடர் சக்கரந்தான். எர்ணாகுளத்துப் பக்கம் தேவராவுல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் லேத்து வச்சிருக்கான். ராமர்னு பேரு. சுத்தமாக் கடைவான்."

இதைக் கேட்டு லோகாம்பாள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "ஒண்ணும் கடைய வேண்டாம். குரியச்சன் ஒரு ஆணி மாறப்படாதுன்னு சொல்லியிருக்கார். வைத்தீஸ்வரனை ஒரு டாக்ஸி பிடிச்சுக்கச் சொல்லுங்கோ."

"மூடின டாக்ஸியில ஜானவாசமா? மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போற மாதிரின்னா இருக்கும்?"

"அப்போ நம்ம பொண்ணு?"

வெங்கிடராமன் மட்கார்டைத் தடவிக்கொண்டிருந்தார். வழக்கமான பதிலைக்கூடச் சொல்லவில்லை. சுந்தரி குழந்தைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஹப்புகளைக் கழற்றிச் சாக்கில் போட்டு, அப்பாவும் மகளும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டிக்குத் தூக்கிப்போனார்கள். கடையத்தான் போகிறோம் என்று வெங்கிடராமன் சொல்லவில்லை. "சும்மா, ஆகுமான்னு கேட்டுண்டு வரலாம்," என்றுதான் மனைவியிடம் சொன்னார். கேட்பதற்கு எதற்குச் சாக்கோடு போக வேண்டும் என்று லோகாம்பாளும் கேட்கவில்லை. அவள் அன்று காப்பிப் பாத்திரத்தைக் கழுவிய சத்தம் சந்துவரை கேட்டது.

படகில் கூட்டமில்லை. காயல் பளபளவென்று விரிந்து கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் காலால் சாக்கைத் தொட்டுப் பார்த்து, "தேங்ஙயாணோ சாமீ?" என்றார். வெங்கிடராமன் ஆமாம், தேங்காய்தான் என்று தலையாட்டினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"சுந்தரி, ஒனக்கு என்ன தோண்றது?"

சுந்தரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை விற்றால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. யாரோ வந்து பார்ப்பார்கள். அவளை எழுந்து நிற்கச் சொல்வார்கள், ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். தொண்டை அடைக்கும். அதையும் தாண்டி ஒருநாள் கல்யாணம் நடந்தாலும் நடக்கும். வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்காகக் கேஸ் லைட்டில் தெரிகிற அத்தனை முகங்களையும் கொடுத்துவிட முடியுமா என்பதுதான் தெரியவில்லை. எர்ணாகுளம் கரை வந்துவிட்டது. அப்பாவும் மறுபடி கேட்கவில்லை.

ராமரின் லேத்துக் கடை கப்பல் கட்டும் தளத்துக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ராமர் ஹப்பைக் கையில் உருட்டிப் பார்த்தார். அம்பாசிடர் சக்கரத்தின் அளவை வீரபாண்டி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆகும் சாமி. நல்ல வார்ப்பு. ஆனா ஒண்ணு சொல்லிருதேன். கடைஞ்ச பெறவு பழைய சக்கரம் ஏறலன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"அதுதான்... அதுதான் யோசிக்கறேன்." வெங்கிடராமன் நெற்றியைத் துடைத்தார். கடைவாசலைப் பார்த்தார். "நான் ஒரு சாயா குடிச்சுட்டு வந்துடறேன். சுந்தரி, நீ இங்கயே இரு."

போய்விட்டார். சாயாக்கடை எதிரேயே இருந்தது. ஆனால் அவர் அதைத் தாண்டி நடந்துபோவதைச் சுந்தரி பார்த்தாள்.

ராமர் முதல் ஹப்பை லேத்தில் கவ்வவிட்டு இறுக்கினார். மோட்டாரைப் போட்டார். ஹப்பு சுற்ற ஆரம்பித்தது. வெட்டு உளியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"என்ன பாப்பா, வைக்கட்டுமா?"

சுந்தரி தலையாட்டினாள். ராமரின் முதுகுக்கு அது எப்படித் தெரியும்?

"பாப்பா! கேக்குதேன்ல. வைக்கட்டுமா, வேண்டாமா?"

சுற்றிச் சுற்றி ஹப்பு ஒரே மின்னலாகத் தெரிந்தது. மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும்.

"கடையுங்கோ!"

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. உளி பட்டதும் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது.

மூன்றாவது ஹப்பு நடந்துகொண்டிருந்தபோது வெங்கிடராமன் திரும்பி வந்தார். தரையில் கிடந்த சுருளைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். உடனே கீழே போட்டு விரலை உதறினார்.

"சுடறது," என்றார்.

திரும்பும் படகில்தான் மறுபடி வாய் திறந்தார். "அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான்."

"பார்க்கலாம்."

லோகாம்பாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். பளபளத்த இரும்பைப் பார்த்தாள். அன்று முதல் புருஷனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வேண்டியதைச் சுந்தரி வழியாகச் சொல்லி அனுப்பினாள். "குரியச்சனுக்கு ஒரு கார்டு போட்டுடச் சொல்லு, ஒங்கப்பாவை. வீணா லாரி கொண்டுண்டு வரப்போறார்." வெங்கிடராமன் கார்டு வாங்கினார். எழுத உட்கார்ந்தார். என்னவென்று எழுதுவது என்று தெரியாமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்தார். நாளைக்கும் அப்படியே.

அம்பாசிடர் சக்கரங்களில் கார் அழகாயில்லை. டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து கால் கடன் வாங்கி வந்ததுபோல இருந்தது. வைத்தீஸ்வரன்கூடப் பார்த்துவிட்டு, "என்ன ஓய், பட்டுப் பொடவை கட்டிண்டு ரப்பர் செருப்பா?" என்றார். ஆனால் ஜானவாசத்தன்று மாப்பிள்ளையும் ஏறி, அவருக்கு மேலே இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஏறி, பின்வில் படிந்து, மட்கார்டு தாழ்ந்து, சுந்தரி திரும்பிப் பின்சக்கரத்தை எட்டிப் பார்த்தபோது, கார் ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்தது. நாகஸ்வரக்காரர் பின்னாலேயே நடந்தார். கோட்டு சூட்டில் மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. ஒரு சின்னப் பெண் அவர் டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். மிட்டாய்க் கடைவாசலில் ஒருவன் எச்சில் விழுங்காமல் பார்த்தான். மாடி ஜன்னலில் ஒரு கிழவி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அரிசிக் கடைக்காரரும் அவர் தம்பியும், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே படியில் நின்று ஒரே பக்கம் பார்த்தார்கள். அம்மிணி மடத்து ஜன்னல் கதவிடுக்கில் நின்று மாப்பிள்ளையைத் தேடியதைச் சுந்தரி ஒருத்திதான் பார்த்தாள். யாரும் சுந்தரியைப் பார்க்கவில்லை.

சொன்னபடி மாத நடுவில் லாரி வந்தது. காலை நேரம். வெங்கிடராமன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லாரித் தட்டில் காருக்கு அடிபடாமல் இருக்க வைக்கோல் பரப்பி, அதன்மேல் கயிற்றுப் பாய் விரித்திருந்தார்கள். ஏற்றுவதற்குப் பலகையும் ஆட்களும் இருந்தார்கள். குரியச்சன் வெள்ளை ஜுப்பாவில், கல்யாணத்துக்கு வந்தவர்போல இறங்கினார். சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போனார்.

சிரிப்பு நின்றது. அவர் குந்தினார். சக்கரத்தின் நடுவில் கையை வைத்துத் தடவினார். கடைந்த விளிம்பு விரலில் பட்டதும் கை அங்கேயே நின்றது. சுவரோரம் கம்பிச் சக்கரங்கள் சாத்தியிருந்தன. ஒன்றை உருட்டி வந்து ஹப்பின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நடு ஓட்டை அகலமாக, எதையும் பிடிக்காமல் வெறுமனே இருந்தது. அதை மறுபடி உருட்டிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே அலுங்காமல் சாத்தி வைத்தார்.

"அது வந்து, குரியச்சன்... ஒரு கார்டு போடணும்னுதான்..." என்று வெங்கிடராமன் ஆரம்பித்தார். முடிக்கத் தெரியவில்லை.

சுந்தரி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அங்கே நிற்க முடியவில்லை. குரியச்சனுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"அச்சன் அல்ல," என்றாள் மலையாளத்தில். "ஞானாணு கடையான் பறஞ்ஞது."

கடையச் சொன்னது அப்பா இல்லை, தான்தான் என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. குரியச்சன் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தரையைப் பார்த்திருப்பாள். அவர் அப்படிப் பார்க்கவில்லை. பிறகு பின்சீட்டைப் பார்த்தார். குழந்தைகள் விட்டுப்போன மிட்டாய்க் காகிதங்களும் நசுங்கிய கனகாம்பரமும் இன்னும் அங்கே கிடந்தன.

"ஒரு வாய் காப்பியாவது..." என்றாள் லோகாம்பாள் படியில் நின்று, டம்ளரோடு.

குரியச்சன் ஜுப்பாவில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். எல்லோரையும் கடந்து நடந்து, லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வைக்கோல்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். லாரி பின்வாங்கியே சந்திலிருந்து வெளியேறித் திரும்பிப் போயிற்று.